மிஸ்ஸி சொல்லியும் நான் போகாத வீடுகள்

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். கிள்ளான் பண்டமாரானில், ஊனமுற்ற பிள்ளைகளுக்கான எங்கள் பகல்நேர நிலையத்தில் மைலோ பானம் கலக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து புவனேஸ்வரி மிஸ்ஸியின் தங்கை மகள். "பெரியம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா, அங்கிள்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்தது அழுகையில்லை. 'அப்பாடா, இனி என்னைக் கேட்க ஆளில்லை' என்ற நினைப்புதான் வந்தது. அடுத்த நொடியே என் மேலேயே அருவருப்பு. மிஸ்ஸியை அறிந்தவர்கள்தான் இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பீர்கள். பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது?

அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றதால் அவர் எல்லோருக்கும் மிஸ்ஸி. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், அவர் பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கே உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் நடத்தினார். அதன் கிளையைக் கிள்ளானில் திறந்த வருஷம்தான் எனக்குத் தூக்கம் போனது. அதே வருஷம் சமூகநல இலாகா, கிள்ளான் வட்டாரத்துப் பிள்ளைகளின் பகல்நேரப் பராமரிப்பை ஒரே ஒரு சங்கத்திடம் ஒப்படைக்கப் போவதாக அறிவித்தது. தேர்வாகிற சங்கத்துக்கு வாடகை, ஒரு வேன், இரண்டு பேருக்குச் சம்பளம். குறைந்தது பதினைந்து பிள்ளைகளாவது பட்டியலில் இருக்க வேண்டும். எங்கள் சிறிய சங்கத்துக்கோ கடைவீட்டு மாடியைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

மிஸ்ஸியை முதலில் பார்த்தது இலாகாவின் நடைபாதையில். இருவரும் விண்ணப்பத்தோடு காத்திருந்தோம். என் மடியிலிருந்த கோப்பைக் கேட்காமலே வாங்கிப் புரட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. போட்டிக்கு வந்த ஆள் நம் கோப்பைப் படித்தால் எப்படி இருக்கும்? அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "தம்பி, பக்க எண் போடேல்லை. உள்ளுக்க கொண்டுபோனா திருப்பி அனுப்பிப்போடுவினம்" என்று தன் பேனாவையே நீட்டினார். அங்கேயே உட்கார்ந்து முப்பது பக்கத்துக்கும் எண் போட்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

இரண்டு வாரத்தில் இலாகா அதிகாரி எங்கள் இருவரையும் அழைத்தார். ஒன்பது பிள்ளைகளின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தது. நாங்கள் யாரும் ஏமாற்றவில்லை. நம் அம்மாமார்களுக்கு முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல வராது. நான் விண்ணப்பப் பாரத்தோடு போனால் எனக்கு ஒரு கையெழுத்து, மிஸ்ஸி போனால் அவருக்கும் ஒன்று. "பாவம், வீடு தேடி வந்துட்டாங்களே சார்" என்பார்கள். அதிகாரிக்கு இது புரியவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு சங்கம்தான், ஒரு வாரத்தில் ஒவ்வொரு தாயிடமும் எழுதி வாங்கி வாருங்கள் என்றார்.

அந்த வாரம் நான் செய்ததுதான் இத்தனை காலமாக என் நெஞ்சில் கிடக்கிறது. ஒன்பது வீட்டுக்கும் போனேன். மிஸ்ஸியிடம் வேன் இருந்தது, பயிற்சி பெற்ற தாதிகள் இருந்தார்கள். என்னிடம் என்ன இருந்தது? பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "அந்தச் சங்கத்துல கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க கெபாஜிக்கான் காசு நின்னுரும்." மாதா மாதம் இலாகா தரும் உதவித்தொகை அது. அதை வைத்துத்தான் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒன்பது பேரும் மறுபேச்சில்லாமல் என் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். என் பட்டியலில் பதினேழு பிள்ளைகள் ஆனார்கள்.

மறுபடியும் அதிகாரியின் அறை. ஒரே வாரத்தில் எல்லாத் தாய்மார்களும் எப்படி ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். மிஸ்ஸி முந்திக்கொண்டு அதிகாரி அம்மாவிடம் மலாயில் பதில் சொன்னார்: இவருடைய இடம் அவர்களுக்கு நடந்து போகிற தூரம், புவான், என் இடத்துக்கு வேனுக்குக் காத்திருக்க வேண்டும். அதிகாரி தலையாட்டினார். ஒப்பந்தம் எங்களுக்கு வந்தது.

வெளியே படிக்கட்டில் மிஸ்ஸி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு தாய் அழுதுகொண்டே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்குக் கோவமில்லையெண்டு நினைக்காதேயும்" என்றார். "காட்டிக் குடுத்திருந்தா உமக்குமில்லை எனக்குமில்லையெண்டு ஒருத்தருக்கும் குடுக்காம விட்டிருப்பினம். பிள்ளையள் எங்க போறது? ஆனா அந்தப் பொய்யை அவையள் நம்பிட்டினம். நான் சொன்னா நம்பமாட்டினம். இனி நீர்தான் போய் இல்லையெண்டு சொல்லவேணும். வீடு வீடாய்."

"போறேன் மிஸ்ஸி. கண்டிப்பா போறேன்."

போனேன், இரண்டு வீட்டுக்கு. இரண்டு அம்மாக்களும் சிரித்தார்கள், காப்பி கொடுத்தார்கள், அடுத்த வாரமே பிள்ளைகளை மிஸ்ஸியிடம் கூட்டிப்போய்விட்டார்கள். யாருக்குத்தான் நல்ல வைத்தியம் வேண்டாம்? என் பட்டியலில் சரியாகப் பதினைந்து பேர் மிஞ்சினார்கள். மூன்றாவது வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். இன்னும் ஒரு பிள்ளை போனால் ஒப்பந்தம் போகும், வேன் போகும், மற்றப் பதினான்கு பேரும் தெருவில் நிற்பார்கள். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் அதே பயம், அதே சமாதானம்.

மிஸ்ஸி விடவில்லை. கூட்டமோ கோயிலோ, எங்கே கண்டாலும் "எத்தனை வீடு, தம்பி?" என்பார். சுற்றியிருப்பவர்கள் நான் வீட்டுத் தரகு செய்வதாக நினைத்துக்கொண்டார்கள். "போய்க்கிட்டே இருக்கேன் மிஸ்ஸி" என்று மழுப்புவேன். அவர் வருகிறார் என்று தெரிந்தால் பின்வாசலால் நழுவியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. அதே கேள்வி. "எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றேன். என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லது ராசா. இனி எனக்கு நிம்மதி" என்றார்.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டு வாசலில் ஒரு மேசை போட்டு, வந்தவர்கள் பெயர் எழுத நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். எழுதிவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச்சாரியில் லெட்சுமி நிற்கிறாள். அந்த ஒன்பது அம்மாக்களில் ஒருத்தி. நான் வாசல் வரை போய்த் திரும்பிய வீட்டுக்காரி. பண்டமாரானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மகன் குணா சக்கர நாற்காலியில்.

"ஏம்மா இங்கயே நிக்கிற? உள்ள வா."

"இல்ல சார். அங்க எல்லாரும் கையெழுத்துப் போடறாங்க. நான் போட்டா கெபாஜிக்கான் காசு நின்னுருமே. நீங்கதானே சொன்னீங்க?"

தெரு நிறைய ஆட்கள். நான் சொல்லிவிட்டேன். "பொய் சொன்னேம்மா. அப்படி ஒரு சட்டமே இல்ல. பிள்ளைங்க எண்ணிக்கைக்காகச் சொன்னேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மகன் காலைத் தொட்டுக் காட்டினாள். "மிஸ்ஸி ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தாங்க சார். இவன் கால நீட்டிப் பழக்கணும், காசு வேணாம், பேர் பதிய வேணாம், நானே வந்து செஞ்சு விடறேன்னு வெளிய நின்னு கூப்பிட்டாங்க. நான் கதவத் தொறக்கல. உள்ள ஒக்காந்து இவன் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

அப்போது குணாவுக்கு எட்டு வயது. இப்போது பதினைந்து. அந்தக் கால்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன, இனி எந்தப் பயிற்சிக்கும் நீளாது. மிஸ்ஸியின் நினைவாக என்னிடம் இருப்பது எதுவென்று கேட்டால், தினமும் காலையில் வேனிலிருந்து நான் தூக்கி இறக்கும் அந்தக் கால்கள்தான்.

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். பட்டியலில் பதினைந்து பேர் இருக்க மாட்டார்கள். மிச்சமுள்ள ஆறு அம்மாக்களே, உங்கள் வீட்டுக்கும் இந்த வாரம் வருகிறேன். அதற்கு முன்னால் இது உங்கள் கையில் கிடைத்தால், அல்லது யாராவது படித்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொன்னது பொய். உங்கள் பணத்தை யாரும் நிறுத்த மாட்டார்கள். மிஸ்ஸியின் சங்கம் கிள்ளானில் இன்னும் திறந்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.