நாற்பத்தோராம் கட்டத்துச் சூறாவளி

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், கடைசி வருஷப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தில் தங்கள் கார் நிற்கும் கட்டத்தில் ஆளுக்கொரு படம் வரைந்துகொள்வார்கள். பள்ளியாண்டு முடிந்து ஜூன் பிறந்ததும் அத்தனையையும் கறுப்படித்து மறைப்பது கெல்சி ஹாவ்லிச்செக்கின் வேலை. எல்லாக் கட்டத்தையும் மளமளவென்று முடித்துவிடுவாள். நாற்பத்தொன்று வந்தால் மட்டும் கை தயங்கும்.

பதினேழு வயதில் அது அவளுடைய கட்டம். சூறாவளி ஒன்றை வரைந்து, அதன் கீழே மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தாள். வானிலை படிக்கப்போகிறாளாம். அங்கிருந்து பதில் வருவதற்குள்ளேயே அத்தனை துணிச்சல்!

பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில், பள்ளி ஆலோசகர் டுப்ளிசி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பள்ளி டிப்ளமாவுக்கு மூணு வருஷக் கணக்கு போதும்மா. நீதான் முடிச்சிட்டியே, இன்னும் எதுக்கு மண்டைய உடைச்சுக்கிற?"

கணக்கை விட்டால் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போகலாம். விட்டுவிட்டாள். அந்த நேரத்தில் என்ன செய்தாள் தெரியுமா? அப்பாவின் பிக்கப் டிரக்கைச் சோளக்காட்டு ஓரம் நிறுத்தி, மேகம் பார்த்தாள்! தலையில் அடித்துக்கொள்ள வேண்டாமா? பள்ளிக்குப் போதுமான கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் போதாது என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச்சில் கடிதம் வந்தது. நான்காம் வருஷக் கணக்கு இல்லாதவர்களுக்கு வானிலைத் துறையில் இடமில்லை. அதற்குப் பிறகும் மே முடிய, தினமும் காலையில் அந்தச் சிவப்பு எழுத்துகளின் மேல்தான் வண்டியை நிறுத்தவேண்டியிருந்தது.

"என்னடி, உன் காலேஜ் மேலயே வண்டிய ஏத்திட்டியா?" என்றாள் தோழி டாஷா. கெல்சியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு டிரக்குக்குள் உட்கார்ந்து அழுதாள்.

வருஷங்கள் ஓடின. கல்யாணம் ஆயிற்று, முறிந்தது. படித்த பள்ளியிலேயே பராமரிப்பு வேலை. மேற்கே மேகம் திரண்டால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு நிற்பாள். மேலாளர் வெர்ன் டிவி சொல்லும் வானிலையை நம்பமாட்டார், "கெல்சி, இன்னிக்குப் புல்லு வெட்டலாமா?" என்று அவளைத்தான் கேட்பார். அவள் சொன்னது தப்பியதில்லை. ஆனாலும் வானம் ஏன் அப்படி மாறுகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஏக்கம்தான் அவளைத் தின்றது.

முப்பத்திரண்டு வயதில் பக்கத்து ஊர்க் கல்லூரியில் மாலைக் கணக்கு வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை தேறினாள். அதே துறைக்கு மறுபடி விண்ணப்பித்தாள்.

இந்த ஜூனில் நாற்பத்தோராம் கட்டத்தில் பாதி கறுப்பு அடித்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது: பல்கலைக்கழகத்தின் பதில். படித்தாள். ஈரப் பெயிண்ட் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, பெயிண்ட் காயல! என்ன ஆச்சு உனக்கு?" வெர்ன் ஓடிவந்தார்.

"ஆகஸ்டுலேர்ந்து வேற ஆள் பாத்துக்குங்க, வெர்ன்."

"எங்க போற?"

 கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் கறுப்பாயிற்று.

"கணக்கு கிளாசுக்கு" என்றாள்.