புத்தகப்படி சரியான விடை

எங்கள் பைண்டிங் பட்டறையில் அவளுக்கு விடையக்கா என்றுதான் பெயர். பொது அறிவுப் புத்தகத்தின் கடைசி ஃபாரத்தை, அதாவது பதினாறு பக்கம் அச்சான பெரிய தாளை, மடிப்பது அவள் வேலை. பதினாறு பக்கமும் வெறும் விடைகள். கேள்விகள் உள்ள ஃபாரங்கள் பக்கத்து மேசையில், என்னிடம்.

"வாடிகன், நைல், கான்ஸ்டான்டிநோபிள்" என்று முணுமுணுத்துக்கொண்டே மடிப்பாள். கேள்வியே தெரியாமல் அத்தனை விடை கையில் வைத்திருப்பது, சாமியார்களை விட்டால், அவள்தான். சாப்பாட்டு நேரத்தில் என் ஃபாரம் ஒன்றை எடுத்து, எண்ணுக்கு எண் பொருத்திப் பார்ப்பாள். பதினோரு வருஷம் இப்படியே படித்தாள்.

அதே பதினோரு வருஷத்துக் காகிதத் தூசியும் அவள் நெஞ்சில் இருந்தது. இருமினால் மேசை ஆடும். வீட்டில் அவளுக்கும் புருஷனுக்கும் கிடைத்தது சமையலறையை ஒட்டிய ஜன்னல் இல்லாத அறை. ஜன்னல் உள்ள அறை கொழுந்தனுக்கு. அவர் பூகோள வாத்தியார், ஒண்டிக்கட்டை. ஒரு உலக உருண்டை, ஒன்பது வரைபடம், வீட்டுக்கு வருகிற மொத்தக் காற்று எல்லாம் அவர் வசம்.

இந்த வருஷம் அச்சுக்குப் போகிற நேரத்தில், புத்தகத்தை வெளியிடுகிற எங்கள் முதலாளிக்குத் திடீரென்று பயம் வந்தது. அறுபத்தொன்றாம் கேள்வி, 'உலகில் அதிகம் பேர் பின்பற்றும் மதம் எது?' "எதுக்குய்யா வம்பு?" என்று அதை அடித்துவிட்டார். அடுத்த கேள்விகள் எல்லாம் ஒரு எண் மேலே ஏறிக்கொண்டன. விடையில் கைவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஃபாரத்தைப் பொருத்திப் பார்த்த அன்றே விடையக்கா முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

"அறுபதுக்கு மேல எல்லா விடையும் ஒண்ணு தள்ளி நிக்குது சார்."

"விடையை எவன் பார்க்கிறான்? நீ மடிம்மா" என்று சிரித்தார்.

மடித்தாள்.

அடுத்த மாதம் எங்கள் தெரு வாசகசாலையில் பொது அறிவுப் போட்டி. மூன்று வருஷமாக அதில் கொழுந்தன்தான் ஜெயிக்கிறார். அக்காவும் பெயர் கொடுத்தாள் என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"புத்தகம் மடிக்கிறவங்க மேடை ஏறினா, நாளைக்குப் பால் பாக்கெட் போடுறவன் மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பான் அண்ணி."

"பார்க்கட்டும் தம்பி. நான் ஜெயிச்சா ஜன்னல் ரூம் எங்களுக்கு."

"தோத்தா?"

"வருஷம் பூரா உங்க சட்டையை நான் தேய்ச்சுத் தரேன்."

"இப்பவும் நீங்கதானே தேய்க்கிறீங்க?"

"அப்ப உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வீட்டிலிருந்த எல்லார் முன்னாலும் அவர் சரி என்று தலையாட்டினார்.

போட்டியன்று கடைசிச் சுற்றுக்கு அவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். நூலகர் பயந்த மனிதர். போன வருஷம் ஒரு ஆற்றின் நீளத்துக்காக மேடையிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த முறை புத்தம்புதுப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுல இருக்கிறதுதான் விடை. அப்பீல் கிடையாது" என்றார். எங்கள் பட்டறைப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கொழுந்தன் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார். மீதி நாலே கேள்வி. நூலகர் பக்கத்தைத் திருப்பினார்.

"அறுபத்தொண்ணு. மோனா லிசா ஓவியத்தை வரைந்தவர் யார்?"

கொழுந்தன் மணியைத் தட்டினார். "லியனார்டோ டா வின்சி."

நூலகர் பின்பக்கம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். "தவறு. அம்மா, நீங்க?"

அக்கா ஒருமுறை இருமினாள். "கிறிஸ்தவம்."

"சரி."

கூட்டம் வாயைப் பிளந்தது. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும், "யோசிச்சுப் பார்த்தா ஆழமான பதில்" என்றார்.

உலகின் மிகப் பெரிய பெருங்கடல் எது என்றதற்கு அக்கா, லியனார்டோ டா வின்சி என்றாள். சரி. புத்தர் பிறந்த இடம், பசிபிக் பெருங்கடல். அதுவும் சரி.

கொழுந்தன் எழுந்துவிட்டார். "யோவ், புத்தர் என்ன மீனா?"

"புத்தகத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு. மதத்துக்குள்ள நான் வரலை."

கடைசிக் கேள்விக்கு அவர் மணியைத் தொடவே இல்லை. நெப்போலியனை லும்பினியில் தோற்கடித்துவிட்டு அக்கா இறங்கி வந்தாள்.

வாசலில் அவர் வழிமறித்தார். "அண்ணி, இது அநியாயம். அத்தனையும் தப்பு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் தம்பி. தப்புன்னு ஒரு மாசம் முன்னாடியே எங்க முதலாளிகிட்ட சொன்னேன். மடிக்கிறவ பேச்சை எவன் கேட்டான்? உங்களை மாதிரிதான் அவரும் சிரிச்சார்."

கொழுந்தன் கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது. "கட்டிலைப் பிடிக்க அண்ணனைக் கூப்பிடுங்க" என்றார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தவள் சாப்பாடு வரைக்கும் இரண்டே முறைதான் இருமினாள். நான் எண்ணினேன்.

"ஜன்னல் வழியா என்னக்கா தெரியுது?"

"பக்கத்து வீட்டுச் சுவர்."

"அதுக்கா இவ்வளவு பாடு?"

"நடுவுல நாலடி இடம் இருக்குடி. காத்துக்கு அது போதும்" என்று அடுத்த ஃபாரத்தை இழுத்துக்கொண்டாள்.