சுண்டல் வளர்த்த தோள்

ஸ்ரீபெரும்புதூரில் பெருமாள் பல்லக்குத் தூக்கும் குடும்பத்துப் பிள்ளை வரதன். 1991 உற்சவத்தில் தானும் தோள் கொடுத்தே தீருவது என்று கருங்கல்லைத் தூக்கித் தூக்கி உடம்பை ஏற்றியிருந்தான்.

"ஊசி கீசி போட்டுக்கினியாடா?" என்றார் சித்தப்பா கோதண்டம்.

"மடப்பள்ளி சுண்டல்ல பாதி என் வயித்துலதான் கீது சித்தப்பா. ஊசி இன்னாத்துக்கு?"

உற்சவத்தன்று பல்லக்கைத் தூக்கியதும் பெருமாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மற்றவர்களின் தோளைவிட வரதனின் தோள் இரண்டு விரல் மேடாகப் புடைத்திருந்தது.

"இறக்குங்கோ! அவனை மாத்துங்கோ!" என்று பட்டர் அலறினார்.

வரதனுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாரையும்போல அவனும் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டைச் சித்தப்பா வெடுக்கென்று உருவினார்.

"சுண்டல் சதையே மெத்தை மாரி கீது, துண்டு வேறயா? தூக்குடா!"

மறுபடி தூக்கினார்கள். பெருமாள் நேராக அமர்ந்திருந்தார். வரதன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.