கறுப்புத் திரை எடிட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தமிழ்த் தட்டச்சு அலுவலகத்தில் ஒரே வாரத்தில் எல்லாக் கம்ப்யூட்டரையும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினார்கள். எந்த எடிட்டரில், அதாவது எந்த எழுதும் மென்பொருளில், அடிப்பது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் ஒரு பக்கம் அடித்துக் காட்ட வேண்டும். தேறாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, பிழை திருத்தும் மேஜைதான். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் தட்டிய விரல்களோடு இனி பேனா பிடித்து உட்கார வேண்டுமா?

பக்கத்து சீட்டுக்காரன் கள்ளிக்குப்பத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அண்ணாத்தே, பழைய நோட்பேடு மாதிரியே ஒண்ணு கீது. பேசாம அத்த எட்த்துக்கோ," என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கிழவனுக்கு இது போதும் என்கிறானா? இளவட்டங்கள் வைத்திருந்த கறுப்புத் திரை எடிட்டரையே எடுத்தேன். அதில் மெனு கிடையாது. சேமித்து வெளியே வர எஸ்கேப் தட்டி, முக்காற்புள்ளி போட்டு, டபிள்யூ, கியூ அடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கோவில்பதாகை வரும்வரை அதையே முணுமுணுத்தேன். பழகியதெல்லாம் இங்கிலீஷில் நாலு வரி அடித்துத்தான்.

வெள்ளிக்கிழமை தமிழ்ப் பக்கத்தை ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து முடித்தேன். எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ. திரையின் அடியில் 'ஈஆ' என்று விழுந்தது. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி அடித்தேன். மறுபடி ஈஆ. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பவர் பட்டனை அமுக்கிவிட்டேன்.

"போதும் சார். திங்கள்லேர்ந்து அந்த மேஜைக்குப் போய்டுங்க," என்றார் மேனேஜர். அவர் கோபப்படாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் போனபின் பக்கத்து சீட்டுக்காரன் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, எதையோ தட்டிப் பக்கத்தை மீட்டான். கடைசி வரி தவிர எல்லாம் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டான்: "கீபோர்டு தமிழ்லயே இர்ந்துகீது அண்ணாத்தே. இங்கிலீஷுக்கு மாத்தலியா?"

மாற்றவில்லை. டபிள்யூ, கியூ அடித்த இடத்தில் ஈயும் ஆவும் விழுந்தது அதனால்தான். தமிழில் அடித்து முடித்ததும் முதலில் கீபோர்டை மாற்று, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று, அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவனிடம் சொன்னதே நான்தான்.