அயோடினும் காலைத் தேத்தண்ணியும்

கிளினிக் கவுண்டரில் நிற்பவர்களுக்குக் காலைவிட வாய்தான் அதிகம் வலிக்கும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் நான் நர்ஸ். இங்கே எல்லோருக்கும் 'மிஸ்ஸி'.

புண் மருந்து

கொழுந்து பறிக்கும் செல்விக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டு தடவையும் மூன்றாம் மாத ஸ்கேனில் இதயத் துடிப்பு நின்றிருந்தது. தைராய்டு குறைவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். அடுத்து உண்டாவதற்கு முன் அது சரியாக வேண்டும்.

கழுத்துச் சுரப்பி அயோடினைச் சேர்த்துத்தான் தைராய்டு ஹார்மோனைச் செய்கிறது, மாத்திரையில் இருப்பதும் அதே சரக்குதான் என்று விளக்கினேன். செல்வி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அயோடின்னா புண்ணுக்குத் தடவுவீங்களே, அதுவா மிஸ்ஸி? அதையா முழுங்கச் சொல்றீங்க?"

கறியில் கை வைத்தவர்

அவள் வீட்டுக்காரர் முருகன், பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். உப்புப் பாக்கெட்டில் 'அயோடின்' என்று பார்த்ததும் கறியில் அள்ளிக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை என்று செல்வி அழுதாள். உப்பு கூடினால் பிரஷர்தான் ஏறும் என்று அவரைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"நானும் ஏதாச்சும் செய்யணும்ல மிஸ்ஸி, சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியலை லா."

வெறும் வயிறு

மாதங்கள் போயும் ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றமே இல்லை. மாத்திரையை ஒருநாளும் விடவில்லை என்று செல்வி சத்தியம் செய்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கே போய்விட்டேன்.

என் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டாள். மங்கு நிறையப் பால் தேத்தண்ணி ஊற்றி விழுங்கினாள். பாலும் தேயிலையும் அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. "வெறும் வயித்துல போடுன்னு சொன்னேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"வெறும் வயிறுதானே மிஸ்ஸி, இன்னும் ஒன்னும் சாப்பிடலையே. தேத்தண்ணிதானே குடிச்சேன்!"

ஓட்டம்

அன்றிலிருந்து மாத்திரைக்கு வெறும் தண்ணீர், தேத்தண்ணி ஒரு மணி நேரம் கழித்து. கொஞ்ச நாளில் தைராய்டு வழிக்கு வந்தது. பிறகு செல்வி மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதம் முழுக்க அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

நான்காம் மாதம், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை அவள் வயிற்றில் வைத்தேன். முதலில் வெறும் கரகரப்பு. கொஞ்சம் நகர்த்தினேன். டுக்கு டுக்கென்று கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்காம ஓடுது மிஸ்ஸி, கேக்குதா? நிக்காம ஓடுது!"

ஊருக்கெல்லாம் தேயிலை பறித்து அனுப்பும் பெண்களிடம், 'காலைத் தேத்தண்ணியைக் கொஞ்சம் தள்ளிப்போடு தாயே' என்று கெஞ்சுவதுதான் இத்தனை படித்து நான் பார்க்கும் உத்தியோகம்.