தடிச்ச எழுத்தும் சாய்ஞ்ச எழுத்தும்

எட்டாங்கிளாஸோடு படிப்பை முடித்த தங்கபாய்க்கு இங்கிலீஷில் ஒரே ஒரு புத்தகம்தான் தெரியும். அதைத் தலைகீழாகத் தெரியும். புருஷன் ரசலையனின் மூச்சு மிஷினோடு வந்த புத்தகம். மிஷினைப் பொருத்த வந்த ஆள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்: தடிச்ச எழுத்தென்றால் பட்டன், அமுக்கணும், சாய்ஞ்ச எழுத்தென்றால் திரையில் தானாக வரும், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அர்த்தம் எவனுக்கு வேணும்? எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தே மூணு வருஷமாக அந்த மனுஷனின் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

கல்ஃபில் இருபது வருஷம் வெல்டிங் செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு தக்கலைக்குத் திரும்பியவர் ரசலையன். மாஸ்க் இல்லாமல் கால் மணி நேரம் தாங்குவார், அதற்குமேல் தாங்கமாட்டார். மிஷினை மகள் லிஜி குவைத்திலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தாள். காவலுக்கு ஆளை அனுப்ப அவளால் முடியுமா? தங்கபாய் சர்ச்சுக்குப் போய் மூணு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி எப்போதாவது வந்து உட்காருவாள். மிஷின் கீச்சென்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள்.

2012-ல் ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது பூதப்பாண்டியில் தங்கபாயின் அம்மை கண்ணை மூடினாள். நாலு மணிக்கு அடக்கம். பெட்டி மூடுவதற்கு முன்னால் அந்த முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டால் போதும் தங்கபாய்க்கு. செல்லக்கனியைக் கெஞ்சிக் கூத்தாடிக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, ஒரு மணிக்குச் செருப்பில் காலை நுழைக்கிறாள், மிஷின் கத்துகிறது. சனியன், நேரம் பார்த்துத்தான் கத்தும்.

திரையில் புத்தகத்தில் இல்லாத என்னவோ வார்த்தை. காற்றில் பாதிதான் உள்ளே போகிறது. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒருத்தி திரும்பத் திரும்பச் சொன்னாள். இடையிடையே பாட்டு வேறு. அரைமணி நேரம் கழித்துத்தான் சென்னையிலிருந்து ஒருத்தன் கிடைத்தான். நல்ல பணிவு. குழாயைக் கழற்றி மாட்டச் சொன்னான். அப்புறம் தன் கையிலிருந்த புதுப் பதிப்புப் புத்தகத்தைப் பார்த்து, இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொரு எழுத்தாக மடமடவென்று ஒப்பித்தான். போனில் எழுத்துக்குத் தடிப்பு ஏது, சாய்வு ஏது? எதை அமுக்க, எதற்குக் காத்திருக்க? அவள் எதையோ அமுக்க, மிஷின் அப்படியே நின்றது.

ரசலையனின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இது இப்படியே நின்றுபோனால் நான் பஸ் ஏறிவிடலாமே என்று அவள் மனசில் ஓடியது. ஆண்டவரே, ஓடத்தான் செய்தது. அடுத்த நொடி கை தானாகவே தடிச்ச பட்டன்களை வரிசையாக அமுக்கி மிஷினைக் கிளப்பிவிட்டது. பாதிக் காற்று மறுபடியும் வந்தது.

"மக்களே, தடிச்சதா சாய்ஞ்சதா? எனக்கு அத மட்டும் சொல்லு," என்றாள் போனில்.

அவனுக்கு விளங்கவில்லை. மேலதிகாரியிடம் கேட்பதாகச் சொல்லி மறுபடியும் பாட்டைப் போட்டுவிட்டான். திரும்பி வந்து மிஷின் நம்பர் கேட்டான், வாங்கின தேதி கேட்டான். அம்மையின் அடக்கம் என்று அவள் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு மறுபடியும் நம்பரையே கேட்டான். தடிச்சதையும் சாய்ஞ்சதையும் அவள் நாலு தடவை விளக்கிச் சொன்ன பிறகு பக்கம் புரட்டும் ஓசை கேட்டது. இத்தனை நாள் அவன் அதைக் கவனித்ததே இல்லை போல. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்: இது தடிச்சது மேடம், இது சாய்ஞ்சது மேடம்.

மிஷின் சீராக மூச்சு விட்டபோது மணி மூணே முக்கால். பூதப்பாண்டிக்கு ரெண்டு பஸ் மாறணும். தங்கபாய் சுவரோரம் உட்கார்ந்து வாயில் சேலைத்தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். செல்லக்கனி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டின தரையையே கூட்டினாள்.

நாலரைக்குத் தம்பி போன் செய்து, பெட்டியை மூடிக் கொண்டுபோயாச்சு என்றான். ரசலையன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். மெதுவாகக் கையைத் தூக்கி மாஸ்க்கை விலக்கினார்.

"கல்லறைக்காவது போயிட்டு வா, தங்கம். நான் கெடப்பேன்."

"பேசாம கெடந்து மூச்சு விடுங்க," என்றாள் தங்கபாய். மாஸ்க்கை அவர் முகத்தில் திரும்ப வைத்து, வாரை வேண்டியதைவிட ஒரு பிடி கூடுதலாகவே இறுக்கினாள்.