சாம்பிள் லேப்டாப்

கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு எங்கள் பனியன் ஊரில் ஒரே ஒரு சங்கடம்தான். வாடிக்கையாளர் யாருக்கும் வரைபடம் பார்க்கத் தெரியாது. குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கும்தான் பனியன் பார்க்கத் தெரியாது, போட்டுக்கொள்ள மட்டும் தெரியும்.

அருள்புரத்தில் புதுப் பனியன் கம்பெனி கட்ட இடம் வாங்கியிருந்த முதலாளி ஒருவர், நான் மூன்று விதமாக வரைந்து கொண்டுபோன பிளான்களை மேஜைமேல் விரித்து, தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இது எங்கூட்டு வாசல்ல போடற கோலமாட்டமே இருக்குதுங்க. இதுக்குள்ள நான் எப்படிங்க போய் நிக்கறது?”

அவருக்கு உள்ளே நடந்து பார்க்க வேண்டுமாம். கோயமுத்தூரிலிருந்து வந்த இன்னொரு வரைபடக்காரர் மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டினாராம், கட்டடம் அப்படியே சுற்றியதாம். “அவரு வெள்ளிக்கிழமை காலையில மறுக்கா வர்றாருங்க. நீங்களும் மத்தியானம் வாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிப் போடலாம்.”

அதுவரை நான் வரைந்தவை பெரும்பாலும் காம்பவுண்டு சுவர்கள், மாடிப்படிகள், பக்கத்து வீட்டுக்காரருடன் வழக்கு நடக்கும் கழிப்பறைகள். முழுசாக ஒரு கம்பெனிக் கட்டடம் கைக்கு வருவது அதுதான் முதல் தடவை. அதைக் கோயமுத்தூருக்குத் தாரை வார்க்க மனம் வரவில்லை.

என்னுடைய கம்ப்யூட்டரிலும் கட்டடம் சுற்றும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒருமுறை அதன் மானிட்டரைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அணைத்துப் பிடித்ததைப் பார்த்த ஓட்டுநர், வேகத்தைக் குறைத்து, “பையனுங்களா, புள்ளைங்களா?” என்று கனிவாகக் கேட்டார்.

ஆகவே லேப்டாப். கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். கட்டடம் சுழலவேண்டுமானால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், ராம் தாராளமாக வேண்டும், பெரிய திரை வேண்டும். இத்தனையும் கரைத்துக் குடித்த தைரியத்தில் கடைக்குக் கிளம்பியபோது, என் மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மேஜையில் கொட்டிய துணிக்குவியலில் ஓட்டை விழுந்த ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார். இத்தனை திறமை இருப்பவர் என்னை எப்படி பாஸ் பண்ணினார் என்று உறவினர்கள் இன்றைக்கும் வியக்கிறார்கள்.

கடை மேலாளர் நெல்லைப் பக்கத்துக்காரர், என் வயது. ஒரு லேப்டாப்பில் என் பென் டிரைவைச் செருகி முதலாளியின் கம்பெனியைத் திறந்தேன். கட்டடம் கால்வாசி திரும்பி, மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அடுத்ததில் கூரை மட்டும் வந்தது. சுவர்கள் வரும் அறிகுறியே இல்லை.

“சார், உங்க ஃபைலு இதுலல்லாம் ஓடாது. அந்தா, கடைசில மீன் ஓடிட்டு இருக்குல்லா, அதுல போட்டுப் பாருங்க.”

கண்ணாடி அலமாரியின் ஓரத்தில் தடித்த லேப்டாப் ஒன்று. அதன் திரையில் நீலத் தண்ணீரும் மஞ்சள் மீன்களும். வாடிக்கையாளரை இழுக்கக் கடைக்காரர் போட்டுவைத்த படம். மேலாளர் ஒரு பொத்தானைத் தொட்டதும் மீன்கள் மறைந்தன. என் ஃபைலைத் திறந்தேன். கட்டடம் எண்ணெய் போட்ட ராட்டினம்போல் சுற்றியது. எனக்குக் கண் கலங்காத குறை.

மனைவி அதை வாங்கிக் கையில் எடை பார்த்தார். பனியனின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு, “இது ஓக்கேங்க” என்றார்.

மேலாளர் மகிழ்ந்துபோய் உள்ளேயிருந்து அதே மாடலில் சீல் உடைக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்.

“அது வேண்டாமுங்க. இதையே குடுங்க.”

“என்ன மேடம் இப்படிச் சொல்லுதீங்க? இது ஊரே தொட்டுப் பாத்த டிஸ்ப்ளே பீஸ்லா! எல்லாரும் சீல் பிரிக்காததுதான் கேப்பாங்க.”

“ஊரே தொட்டும் நல்லாத்தானுங்களே இருக்குது? இது சாம்பிள். பெட்டிக்குள்ள இருக்கறது பல்க். சாம்பிள் எப்பவுமே ஜோராத்தான் இருக்கும். பல்க் எப்படி வரும்னு நான் தினமும் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்.”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர் முதலில் ஒரே ஒரு சாம்பிளைப் பார்த்து அப்ரூவ் செய்வார். அப்புறம் ஆயிரக்கணக்கில் தைக்கும் பல்க் அந்தச் சாம்பிள்போலவே வரவேண்டும். வராது. அந்தச் சண்டையில்தான் ஊரே பிழைக்கிறது.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நன்றாகக் கட்டியிருந்தார்கள்.

“சரி மேடம். அந்த மீன் டெமோவை மட்டும் அழிச்சுத் தாரேன்.”

“ஒண்ணையும் தொடாதீங்க! அப்ரூவ் பண்ணுன பீஸ்ல அப்புறம் யாரும் கை வெக்கப்படாது.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளியின் அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். கோயமுத்தூர்க்காரர் காலையிலேயே வந்து சுற்றிக் காட்டிவிட்டுப் போயிருந்தார். நானும் முதலாளியை வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போனேன். “அடடே, இது கட்டிங் டேபிளுங்களா? சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க பாக்கலாம்” என்று நாற்காலியிலேயே உடம்பைச் சாய்த்துத் திரும்பினார். மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் மூச்சுக்கூட வாங்கினார். கடைசியில் வெளியே வந்து முகப்பைப் பார்த்தவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

“மொகப்பு மட்டும் மொட்டையா இருக்குதுங்களே தம்பி...”

யோசிக்கிறார். யோசிக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். யாரும் தன்னைத் தொடவில்லை என்பதை லேப்டாப் கவனித்தது.

திரையில் நீலத் தண்ணீர் பொங்கியது. கட்டடம் இருந்த இடத்தில் மஞ்சள் மீன்கள் வரிசையாக நீந்தின. வீணை மாதிரி ஏதோ ஒன்று வாசிக்கத் தொடங்கியது.

நிறுத்தப் பாய்ந்தேன். கைக்குக் கிடைத்த பொத்தானை அழுத்தியதில் வீணைச் சத்தம் கூடியது. கோயமுத்தூர்க்காரர் கையெழுத்துப் போடும் காட்சி மனக்கண்ணில் விரிந்தது.

“நில்லுங்க தம்பி! தொடாதீங்க.” முதலாளி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். “இது எங்க வருது? மொகப்புலீங்களா?”

“இல்லீங்க, அது கடைக்காரங்க போட்ட விளம்பரமுங்க. கட்டடத்துல இல்லீங்க.”

“இல்லீனா என்னங்க, வெச்சுக்குவோம்! பையர் கார்ல இருந்து எறங்குனதும் மொதல்ல நம்மூருத் தண்ணியத்தான் சந்தேகமாப் பாப்பானுங்க. சாயப்பட்டறைச் சாயம் கீயம் கலந்துருக்குமோன்னு. வாசல்லயே தெளிஞ்ச தண்ணி, அதுக்குள்ள மீனு நீந்துது. அதப் பாத்ததுக்கப்புறம் அவன் வாயத் தொறப்பானுங்களா?”

“தொறக்க மாட்டானுங்க.”

“கோயமுத்தூருக்காரரு கட்டடத்தச் சுத்துனாரே ஒழிய, ஒரு மீனக் காட்டலீங்களே! நீங்களே பண்ணிப் போடுங்க தம்பி.”

சுற்றிய கட்டடத்துக்காகத்தான் வேலை கிடைத்தது என்று அன்று மாலை வரைக்கும் நம்ப முயன்றேன். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “அதுக்குத்தான் அழிக்க வேண்டாம்னேன்” என்றார், எல்லாம் முன்பே தெரிந்தவர்போல.

திறப்பு விழாவுக்கு இருவரும் போயிருந்தோம். முகப்பில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, மஞ்சள் மீன்கள். முதலாளி பட்டு வேட்டியில் நின்று, வருகிறவர்களையெல்லாம் முதலில் மீனுக்கும் அப்புறம் எனக்கும் அறிமுகம் செய்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மனைவி மட்டும் தொட்டியின் முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு மீனாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்குதுங்களா?” என்றார் முதலாளி ஆவலாக.

“நல்லாருக்குதுங்க. ஆனா சாம்பிள்ல இருந்த மீனு இன்னும் கொஞ்சம் மஞ்சளுங்க. இதுல ஷேடு மாறுது.”